கை விட்ட கயிறு

அத்தியாயம் 7

“அவ வேணும்னே விட்டாளா, இல்ல கை தானா விட்டுச்சா? எனக்கு அது மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

அக்கா இதைக் காலையிலிருந்து மூன்றாவது முறையாகச் சொன்னாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பவள்கூட இன்னும் கொஞ்சம் உணர்ச்சியோடு கேட்பாள். புருஷன் செத்துப் பதினோரு நாள். கொன்றவள் என்று உள்ளே உட்காரவைத்திருப்பது கூடப்பிறந்த தங்கையை. இவள் அழுதுவிட்டால் எங்களுக்காவது சௌகரியமாக இருந்திருக்கும். தண்ணீர் கொடுக்கலாம், கைக்குட்டை கொடுக்கலாம், ஏதோ வேலை செய்கிற மாதிரி காட்டிக்கொள்ளலாம்.

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். ஒரு ஓரத்தில் அக்கா. நாடக அரங்கில் உடை தைப்பவள். நடுவில் புரூஃப். மறு ஓரத்தில் நான்.

புரூஃப் எங்கள் துப்பறியும் நிபுணர். இருபத்திரண்டு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவர். ரேகை, ரத்தத்துளி, காலணித் தடம் எல்லாம் அவருக்கு ஒத்துவராது. யாராவது ஒரு வார்த்தையைத் தப்பான இடத்தில் வைத்தால் போதும், மூக்கில் வேர்த்துவிடும். நான் அவருடைய உதவியாள். வேலைக்குச் சேர்ந்த அன்று நான் டைப் அடித்த ஒரு பக்கத்தில் பதினேழு தப்பு இருந்ததால் எனக்குப் ‘பிழை’ என்று பெயர் வைத்தார். ஏழு வருஷமாயிற்று. இப்போது என் அம்மாவே அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

நடந்தது இதுதான். அது பழைய அரங்கு. திரையும் தட்டியும் இன்றைக்கும் கயிற்றில்தான் ஏறி இறங்குகின்றன. மேலே பலகைத் தளத்தில் நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கயிறு பிடிப்பவள் தங்கை. எல்லாருக்கும் அவள் கயிறுக்காரி. கீழே மேடையில் கதாநாயகன் அக்காவின் புருஷன். கடைசிக் காட்சியில் ஒரு பெரிய தகர மணி அவர் தலைக்கு நேரே அங்குலம் அங்குலமாக நாலு நிமிஷம் இறங்க வேண்டும். பேருக்குத்தான் தகரம், உள்ளே இரும்புச் சட்டம். தொண்ணூற்று ஐந்து தடவை ஒழுங்காக இறங்கிய மணி, தொண்ணூற்று ஆறாவது தடவை ஒரேயடியாக இறங்கிவிட்டது.

‘கை மரத்துப் போச்சு’ என்றாள் கயிறுக்காரி. அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். புரூஃப் மேல் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. அவருடைய குற்றப்பத்திரிகை ஒன்றில் செத்தவர் பெயரும் கொன்றவர் பெயரும் இடம் மாறிக் கிடந்ததை முன்பொரு தடவை கண்டுபிடித்துக் கொடுத்தவர் புரூஃப்.

“அஞ்சு மணியோட போலீஸ் கஸ்டடி முடியுது, மறுபடி கோர்ட்ல நிறுத்தணும். கொலைன்னுதான் எழுதப் போறேன். வேற வழியில்ல. நரம்பு டெஸ்ட் நார்மல்னு வந்திருச்சு. அன்னைக்குக் காலையில செத்தவருக்கும் இவளுக்கும் சண்டை. ‘இன்னைக்குக் கயித்த விட்டுடறேன்’னு இவ சொன்னதைக் கேட்ட சாட்சி இருக்கு. இதுக்கு மேல என்னங்க வேணும்?”

“பத்து நிமிஷம் அவங்ககிட்ட பேசணும்” என்றார் புரூஃப்.

“பதினோரு நாளா நான் பேசறேன். சுவத்துகிட்ட பேசினா எதிரொலியாவது வரும்.”

கயிறுக்காரி சுவர் மாதிரிதான் இருந்தாள். நல்ல தோள், நல்ல உயரம். மேஜை மேல் டீ ஆறிக்கொண்டிருந்தது. இடது கையால் எடுத்து ஒரு வாய் குடித்தாள். வலது கை மடியில் கிடந்தது, பக்கத்து சீட்டுக்காரர் வைத்துவிட்டுப் போன பை மாதிரி.

“இடது கைப் பழக்கமா?” என்றேன்.

“இல்ல.”

புரூஃப் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த ஸ்லீவைக் கொஞ்சம் மேல ஏத்துங்கம்மா.”

ஏற்றினாள். முழங்கைக்குக் கீழே, உட்பக்கம், சுண்டு விரல் ஓரமாக நீளமாக ஒரு சூட்டுக் காயம். பொருக்கு கட்டிக் காய்ந்துகொண்டிருந்தது.

“இது எப்பச் சுட்டது?”

“எது?” என்றாள். குனிந்து பார்த்தாள். முதல்முறை பார்ப்பவள்போலப் பார்த்தாள். “தெரியல. மேல லைட்டு இருக்கும். பட்டிருக்கும்.”

“வலிக்கலையா?”

“தெரியலன்னு சொன்னேனே.”

எனக்கு அடுப்பில் விரல் பட்டாலே பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவருவார்கள். இவள் ஒரு ஜாண் நீளத்துக்கு வெந்துபோனதை அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொள்கிறாள்.

“மரத்துப்போச்சுன்னு சொன்னீங்களே, அது எந்த இடம்? தொட்டுக் காட்டுங்க.”

இடது கையால் வலது சுண்டு விரலைத் தொட்டாள். அங்கிருந்து மணிக்கட்டு ஓரமாக, முழங்கை வரை உட்பக்கமே ஒரு கோடு இழுத்தாள். சூட்டுக் காயத்தின் மேலேயே விரல் போனது. முகம் மாறவில்லை.

“போலீஸ்ல இப்படித்தான் காட்டினீங்களா?”

“யாரும் காட்டச் சொல்லல. கைன்னு சொன்னேன். இதுவும் கைதானே.”

“எவ்வளவு நாளா இப்படி?”

“அன்னைக்குத்தான்.” கேள்வி முடியுமுன்பே பதில் வந்துவிட்டது. “அதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்ல. அன்னைக்கு மட்டும்தான்.”

மற்றதெல்லாம் ஒரு வார்த்தையில் சொன்னவள், இதை மட்டும் மூன்று தடவை சொன்னாள். புரூஃப் பேனாவை எடுத்துத் தன் உள்ளங்கையில் ஏதோ குறித்துக்கொண்டார். குறிப்பேடு என்று ஒன்று வாங்கிக் கொடுத்தால் தொலைத்துவிடுவார்.

வெளியே வந்ததும் இன்ஸ்பெக்டரிடம், ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய கடிதத்தின் நகலைக் கேட்டார். ஒரே வரிதான் இருந்தது: ‘வலது கை மரத்துப் போனதாகக் கைதி கூறுகிறார். உண்மையா எனப் பரிசோதித்துத் தெரிவிக்கவும்.’

“சார், உங்க வலது கையைக் காட்டுங்க.”

இன்ஸ்பெக்டர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். “என்ன, ஜோசியமா?”

“பிழை, நீ காட்டு.”

நான் தோளுக்குக் கீழே தட்டிக் காட்டினேன். ஊசி போட்டால் அங்கேதானே போடுகிறார்கள்.

“பாத்தீங்களா? நீங்க காட்டினது ஒண்ணு, இவ காட்டினது ஒண்ணு, உள்ள இருக்கிறவங்க காட்டினது ஒண்ணு. ஒரே எழுத்து சார். விரல் நுனியிலேர்ந்து தோள்பட்டை வரைக்கும் நம்ம கிட்ட இருக்கிறது இந்த ஒரு எழுத்துதான். ஆஸ்பத்திரியில இதைப் படிச்சவங்க எந்தக் கையை டெஸ்ட் பண்ணாங்கன்னு எனக்குத் தெரியணும்.”

“வலது கையை” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் ஏழு வருஷமாக இவரோடு இப்படித்தான் இருக்கிறேன் என்று தலையை ஆட்டினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான் அரங்கு. மேக்கப்காரர் ஒரு ஒட்டுத் தாடியைப் பலகையில் பின் குத்திச் சீவிக்கொண்டிருந்தார். சாட்சி சொல்லிச் சொல்லிப் பழகியிருந்ததால் நாங்கள் உட்காருமுன்பே ஆரம்பித்துவிட்டார்.

“நான் இங்கதான் நின்னேன். அவங்க தடுப்புக்கு அந்தப் பக்கம். ஹீரோ அண்ணன் ஒரே சத்தம். ‘விடு, முதல்ல அதை விடு’ன்னாரு. அவ ‘இன்னைக்குக் கயித்த விட்டுடறேன் மாமா’ன்னா. என் காதால கேட்டேன். சாயங்காலம் மணி விழுந்துடுச்சு. வேற என்ன சொல்லணும்?”

“அப்ப அவ கையில கயிறு இருந்துச்சா?”

“மேக்கப் ரூம்ல ஏதுங்க கயிறு?”

“கையில இல்லாத கயித்தை ‘முதல்ல விடு’ன்னு அவர் எதுக்குச் சொன்னாரு?”

மேக்கப்காரர் தாடியைப் பார்த்தார். தாடி உதவவில்லை.

“இந்த மெஷின் அப்ப ஓடிட்டிருந்துச்சா?” புரூஃப் கண்ணாடிக்குக் கீழே கிடந்த முடி உலர்த்தும் மெஷினைக் காட்டினார்.

“ஓடிட்டுதான் இருந்தது. பசை காயணுமே.”

“அப்ப எல்லாம் கேட்டிருக்காது.”

“முக்கியமானது கேட்டுச்சு. ‘இன்னைக்கு’ன்னா. அப்புறம் நான் மெஷினைத் தாடிகிட்ட கொண்டு போனேன். அப்புறம் ‘கயித்த விட்டுடறேன் மாமா’ன்னா.”

“நடுவுல எவ்வளவு நேரம்?”

“தாடி காயற நேரம்.”

புரூஃப் கண்ணை மூடிக்கொண்டார். அச்சுக் கோத்த பக்கத்தில் ஒரு வரியே விடுபட்டுப் போயிருப்பதைக் கண்டுபிடித்தால் அவர் இப்படித்தான் செய்வார். எனக்கும் அப்போது உறைத்தது. நான்கூடப் போன மாதம் சர்க்கரையை விட்டுவிட்டேன். அது கீழே விழுந்து யாரும் சாகவில்லை.

“வேலையை விடச் சொல்லியிருக்காரு” என்றேன். “இவளும் விட்டுடறேன்னு சொல்லியிருக்கா.”

“அப்படியும் இருக்கலாம்” என்றார் புரூஃப். “சொன்னா கோர்ட்ல சிரிப்பாங்க. வேற ஏதாவது பாத்தீங்களா?”

“கண்ணாடியில தெரிஞ்சுது. அண்ணன் அவ கையை முறுக்கினாரு. உள்ளங்கையை மேல திருப்பி, கட்டை விரல்கிட்ட அமுக்கி அமுக்கி… அவ பேசாம நின்னா.”

“முறுக்கினா ஆள் வலியில நெளிவாங்களே. இவ பேசாம நின்னாளா?”

“ஆமா.”

“அவர் முகம் எங்க பாத்துட்டிருந்துச்சு?”

“கையைத்தான்.” மேக்கப்காரர் சீப்பைக் கீழே வைத்தார். “கையைத்தான் பாத்துட்டிருந்தாரு. முறுக்கறவன் மூஞ்சியத்தானே பாப்பான், இல்ல?”

புரூஃப் எழுந்து நடந்தார். தெரியாமல் இத்தனை நாள் பொய்ச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்த ஒரு மனிதனை அந்த நாற்காலியில் விட்டுவிட்டு வந்தோம். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நேரம் ஒன்றரை.

நரம்பு டாக்டர் குள்ளமான, கண்டிப்பான அம்மாள். சிரித்தால் ஃபீஸ் குறைந்துவிடும் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

“என் மெஷின் பொய் சொல்லாது.”

“சொல்லல டாக்டர். கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் சொல்லியிருக்கு. நீங்க எந்த இடத்தை டெஸ்ட் பண்ணீங்க?”

“கை மரத்துப்போச்சுன்னு நாளைக்குப் பத்துப் பேர் வராங்க. ஒம்பது பேருக்கு மணிக்கட்டுலதான் நரம்பு நசுங்கியிருக்கும். அதுக்கான டெஸ்ட்டைப் பண்ணேன். ஆட்காட்டி விரல், நடுவிரல் உணர்ச்சி நார்மல். கட்டை விரல் சதைக்குப் போற நரம்போட வேகம் நார்மல்.”

“இடது கை?”

“கடிதத்துல வலது கைன்னுதானே இருந்தது.”

“சுண்டு விரல்? முழங்கைக்குக் கீழ, உட்பக்கம்?”

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் தடவையாக எங்களை மனிதர்களாகப் பார்த்தார். “அங்கயா மரத்துப்போச்சு?”

புரூஃப் தன் கையில் அதே கோட்டை இழுத்துக் காட்டினார். சூட்டுக் காயத்தையும் சொன்னார். டாக்டர் பழைய ரிப்போர்ட்டை எடுத்து ஒரு எண்ணின் மேல் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை.

“மூணு மணிக்குக் கூட்டிட்டு வாங்க” என்றார்.

மூன்று மணிக்குக் கயிறுக்காரி கட்டிலில் படுத்திருந்தாள். வாசல் பக்கம் இன்ஸ்பெக்டர், வாட்சைப் பார்ப்பதும் எங்களைப் பார்ப்பதுமாக. சுவர் ஓரத்து ஸ்டூலில் அக்கா. இருவரும் பதினோரு நாளுக்குப் பிறகு ஒரே அறையில் இருக்கிறார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

டாக்டர் முதலில் இடது கையில் ஆரம்பித்தார். நல்ல கையைப் பார்த்தால்தான் கெட்ட கை தெரியும் என்றார். தோலில் இரண்டு பட்டை ஒட்டி, மணிக்கட்டில் ஒரு முள்ளுக்கருவியை வைத்து அமுக்கினார். கட்டை விரல் தானாக ஒரு துள்ளு துள்ளியது. திரையில் ஒரு மேடு எழுந்தது.

“பதினொண்ணு” என்று மேட்டின் உயரத்தை எழுதினார். வலது கைக்கு வந்தார். அங்கேயும் விரல் துள்ளியது, அரை மனசாக. “அஞ்சு. அன்னைக்கும் அஞ்சுதான் வந்தது. தனியாப் பாத்தா அஞ்சுங்கறது பாஸ் மார்க். பாஸ் போட்டுட்டேன். பக்கத்துல பதினொண்ணு இருக்குன்னு பாத்திருக்கணும்.”

“இது நடிப்பா இருக்க முடியாதா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“கரண்டு நான் குடுக்கறேன். நரம்பு கொண்டு போகுது. சதை துள்ளுது. இதுல இவங்களுக்கு எந்த வேலையும் இல்ல. தூங்கிட்டிருந்தாலும் இதே கோடுதான் வரும்.”

சுண்டு விரலைப் பார்த்தார். இடது பக்கம் அழகான ஒரு மேடு. வலது பக்கம் பாதிகூட இல்லை. கடைசியாக முழங்கைக்குக் கீழே உட்பக்கம், சூட்டுக் காயத்துக்குச் சற்றுத் தள்ளிப் பட்டையை ஒட்டினார். இடது பக்கம் சின்னதாக ஒரு மேடு. வலது பக்கம் கோடு கோடாகவே போனது. கரண்டைக் கூட்டினார். கோடு அசையவில்லை. எல்லாரும் அந்தக் கோட்டையே பார்த்தோம். கயிறுக்காரி மட்டும் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கட்டை விரல் சதை, சுண்டு விரல் தோலு, முன்கை ஓரம். மூணுக்கும் வேற வேற நரம்பு” என்றார் டாக்டர். “ஒரு தெருவுல மூணு வீட்டுல கரண்டு இல்லன்னா வீட்டு வயரிங்கைப் பாக்க மாட்டோம், கம்பத்தைப் பாப்போம். இந்த மூணும் ஒண்ணா வர்ற இடம் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல. அங்க கூடுதலா ஒரு குட்டி விலா எலும்போ, ஒரு நாரோ இருந்து நரம்பைக் கீழேர்ந்து அறுக்கும். தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம்னு பேரு. கையைத் தலைக்கு மேல தூக்கியே வேலை செஞ்சா இன்னும் நசுங்கும்.”

“நாலு நிமிஷம் தூக்கினா?” என்றார் புரூஃப்.

“இவங்களுக்கு ஒரு நிமிஷமே அதிகம்.”

பிறகு ஊசி டெஸ்ட். கட்டை விரலுக்குக் கீழே சதை மேடாக இருக்க வேண்டிய இடம் இவளுக்குப் பள்ளமாக இருந்தது. அங்கே மெல்லிய ஊசியை இறக்கினதும் கயிறுக்காரி பல்லைக் கடித்தாள்.

“வலிக்குது” என்றாள்.

இன்ஸ்பெக்டர் ஒரு அடி முன்னால் வந்தார். “மரத்துப்போன கை எப்படிங்க வலிக்கும்?”

“இந்த இடத்துத் தோலுக்கு வர்ற நரம்பு வேற வழியா வருது, அது நல்லா இருக்கு” என்றார் டாக்டர். “பொய் சொல்றவங்களா இருந்தா இங்கயும் வலிக்கலன்னு சொல்லியிருப்பாங்க. எங்க வலிக்கணுமோ அங்க வலிக்குது, எங்க வலிக்கக் கூடாதோ அங்க வலிக்கல. இதைப் புத்தகத்தைப் படிச்சுட்டு வந்துகூட நடிக்க முடியாது.”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கொலை அந்த அறையை விட்டுப் போய்விட்டது. எனக்கு ஒரு ஜோக் அடிக்க வேண்டும்போல் இருந்தது. ஒன்றும் வரவில்லை.

“விரலை இறுக்குங்கம்மா” என்றார் டாக்டர். மெஷினிலிருந்து கடகடவென்று சத்தம் வந்தது. திரையில் மழையாகக் கொட்ட வேண்டிய அலைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஆனால் ஒவ்வொன்றும் ராட்சச உயரத்தில் வந்தன.

“இது என்ன?”

“பாதிப் பேர் வேலையை விட்டுப் போன ஆபீஸ். மிச்சம் இருக்கிறவங்க அவங்க வேலையையும் சேத்துப் பாக்கறாங்க. நரம்பு செத்த இடத்துக்குப் பக்கத்து நரம்பு கிளை விட்டு வந்து பிடிச்சுக்கும். அப்பதான் அலை இவ்வளவு பெருசா வரும். அது ஒரு நாள்ல நடக்கிறதில்ல. ஆறு மாசத்துக்குக் குறையாது. அதுக்கு மேலயும் இருக்கும்.”

“அன்னைக்குத்தான்” என்றாள் கயிறுக்காரி, ஃபேனைப் பார்த்தபடியே. “அன்னைக்கு மட்டும்தான்.”

புரூஃப் உள்ளங்கையை விரித்து, காலையில் குறித்ததைப் பார்த்தார்.

“இந்த ஒரு வரிதான் சார் காலையிலேர்ந்து எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ரொம்ப நாளா இருக்குன்னு சொன்னா இவளுக்குத்தான் நல்லது. அதைத்தான் இவ மறைக்கிறா. தன்னைக் காப்பாத்திக்கப் பொய் சொல்றவங்களை நிறையப் பாத்திருக்கேன். தன்னை மாட்டிவிட்டுக்கிட்டு ஒரு பொய் சொன்னா, அது வேற ஆளுக்காக. ஆறு மாசத்துக்கு மேலயே கை போயிட்டிருக்கு. யார்கிட்டயோ சொல்லியிருக்கா. ‘சொன்னியே, அவங்க என்ன பண்ணாங்க’ன்னு நீங்க கேட்டுடக் கூடாது. அதுக்காகத்தான் வாயைத் திறக்கல.”

“யாரு?” என்றார் இன்ஸ்பெக்டர். “யார்கிட்டம்மா சொன்னே?”

“யார்கிட்டயும் சொல்லல.”

“என்கிட்ட சொன்னா” என்றாள் அக்கா.

ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. காலையில் பேசிய அதே குரல்தான்.

“அக்கா, நீ சும்மா இரு.”

“எட்டு மாசம் முன்னாடி. நான் தச்சிட்டிருந்தேன். ‘அக்கா, கை மரத்து மரத்துப் போகுது’ன்னா. ‘தலைக்கு அடியில கையை மடிச்சு வெச்சுத் தூங்கியிருப்பே’ன்னேன். எண்ணெய் தேய்ச்சு விட்டேன். உள்ளங்கையிலதான் தேய்ச்சேன். மறுபடியும் சொன்னா. மாமாகிட்ட சொல்லிடறேன்னா. நான்தான் வேண்டாம்னேன். சொன்னா அவர் அன்னைக்கே இவளைக் கீழ இறக்கிடுவாரு. இவளை மாதிரி மணியை இறக்க வேற ஆள் இல்ல. நாடகம் நின்னுடும். நூறாவது தடவை அவர் ஆடி நான் பாக்கணும்னு ஆசை. ‘நூறு ஆகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்’னேன்.”

டாக்டர் மெதுவாக ஊசியை வெளியே எடுத்தார்.

“அவரே கண்டுபிடிச்சுட்டாரு” என்றாள் கயிறுக்காரி. பதினோரு நாளில் நடந்ததைப் பற்றி அவள் தானாகப் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். “அன்னைக்குக் காலையில ஊசி நூல் கேட்டாரு. எடுத்துக் குடுத்தேன், விரல்ல நிக்கல. கையைத் திருப்பிப் பாத்துட்டுக் கத்தினாரு. கயித்த விடு, முதல்ல அதை விடுன்னாரு. டிக்கெட்டெல்லாம் குடுத்தாச்சு, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பிடிக்கறேன், நாளையிலேர்ந்து கயித்த விட்டுடறேன் மாமான்னேன். சரின்னாரு. பாத்து இறக்கு, நான் கீழதானே நிக்கறேன்னாரு.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த இரண்டு பேரும் அழாதபோது நான் அழுவது நியாயமில்லை.

“காலையிலேர்ந்து அதையே கேட்டுட்டிருந்தீங்களே” என்று புரூஃப் அக்காவிடம் சொன்னார். அவர் குரலில் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் துளிகூட இல்லை. “வேணும்னே விட்டாளான்னு. கை மரத்த கதை உங்களுக்கு முன்னாடியே தெரியும். ஆனா எங்ககிட்ட சொல்லல.”

“அவ வேணும்னே விட்டிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்” என்றாள் அக்கா. “அதுக்குத்தான் கேட்டேன். ஆமான்னு நீங்க வந்து சொல்லிடணும்னு வேண்டிக்கிட்டிருந்தேன். என் தங்கச்சி கொலைகாரின்னு ஆயிட்டா, அவரைக் கொன்னது நான் இல்லன்னு ஆயிடும். எழுதிக்குங்க சார். அவ எட்டு மாசம் முன்னாடியே சொன்னா. நான்தான் வாயை அடைச்சேன். அதையும் எழுதுங்க.”

இன்ஸ்பெக்டர் எழுதவில்லை. பேனா மூடியைத் திறந்தார், மூடினார். கொலை இல்லை, கவனக்குறைவு என்றுதான் இனி எழுத முடியும் என்றார். அதையும் கோர்ட்தான் சொல்ல வேண்டும் என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மணி நாலு பத்து.

அக்கா எழுந்து கட்டிலருகே வந்தாள். தங்கை என்ன சொல்லுவாள் என்று எங்கள் எல்லாருக்கும் பயமாகத்தான் இருந்தது. அக்கா குனிந்து அவளுடைய வலது கையை, முழங்கைக்குக் கீழே, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். கயிறுக்காரி ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தற்செயலாகத் தலையைத் திருப்பினாள். அப்போதுதான் பார்த்தாள்.

“அக்கா” என்றாள். “அங்க பிடிச்சா எனக்குத் தெரியாது. கொஞ்சம் மேல பிடி.”